பனிக்குடிலுக்கு எத்தனை மதிப்பெண்? ஆல்ப விமர்சனங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளைய நண்பர் ஒருவர் தான் எழுதிய கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் தொடங்கிய இசைக்குழுவான பான் ஈவேரின் முதல் ஆல்பமான ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’வை விமர்சகர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது பொருள். காதல் முறிந்தது, இசைக்குழு கலைந்தது, உடம்பும் கெட்டது, பனிக்காட்டுக் குடிலில் தனியாக அழுதுகொண்டே பாடினார், உலகமே உருகியது என்று தொடங்கி அதே மூச்சில் நான்கு பக்கம் ஓடியது. குடிலின் அடுப்பு இரண்டு இடங்களில் வந்தது. எந்தப் பாட்டில் என்ன வாத்தியம் ஒலிக்கிறது என்பது ஓரிடத்திலும் வரவில்லை.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. இதே ஆல்பத்தைப் பற்றி நான் முதன்முதலில் எழுதியபோது பனியை அவரைவிட அதிகமாகக் கொட்டியிருந்தேன். இண்டி ஃபோக் (பெரிய நிறுவனங்களைச் சாராமல், பெரும்பாலும் கிதாரோடு தாமே எழுதிப் பாடும் பாங்கு) பாடகர்கள் பலருக்கும் இப்படி ஒரு கதை கூடவே வருகிறது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே கதை காதில் விழுந்துவிடுகிறது. ‘இந்த ஆல்பத்துக்கு என்ன வரவேற்பு கிடைத்தது’ என்று எழுத உட்காருகிறவர் செய்யும் பிழைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கதையைப் பாராட்டியதைப் பாட்டைப் பாராட்டியதாக எண்ணுவது

நடந்தவை சுருக்கமாக இவை. ஜஸ்டின் வெர்னன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓ கிளேர் என்ற ஊர்க்காரர். டியார்மண்ட் எடிசன் என்ற குழுவோடு வட கரோலினாவின் ராலே நகருக்குப் போனார். 2006இல் குழு கலைந்தது. காதலும் முறிந்தது. சுரப்பிக் காய்ச்சல் ஒன்று கல்லீரல்வரை பாதித்தது. ஊர் திரும்பியவர், அப்பாவின் வேட்டைக் குடிலில் 2006–07 குளிர்காலத்தின் சுமார் மூன்று மாதங்களைக் கழித்தார். ‘பான் ஈவேர்’ என்பதே ‘நல்ல குளிர்காலம்’ என்ற பிரெஞ்சு வாழ்த்தின் திரிந்த வடிவம். ஒரு தொலைக்காட்சித் தொடரில் பனிக்காலத்து மக்கள் ஒருவருக்கொருவர் அப்படி வாழ்த்திக்கொள்வதைப் பார்த்து எடுத்துக்கொண்டது.

இந்தக் கதை ஆல்பத்தோடு சேர்ந்தே பத்திரிகைகளுக்குப் போனது. ஆகவே ஐம்பது விமர்சனங்களில் குடில் வந்தால், ஐம்பது பேர் தனித்தனியாகக் கேட்டு ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று பொருளாகாது. ஐம்பது பேரும் ஒரே அறிமுகக் குறிப்பைப் படித்தார்கள் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருப்பதை எல்லோரும் ஒரே மாதிரி படிப்பதைப் போன்றது அது.

இதைப் பிரித்துப் பார்க்க நான் ஒரு மட்டமான வழியைக் கையாளுகிறேன். விமர்சனத்தை அச்செடுத்து, இரண்டு வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொள்வேன். ஆல்பம் உருவான விதத்தைப் பேசும் வாக்கியங்களின் கீழ் நீலம். காதில் விழும் ஒலியைப் பேசும் வாக்கியங்களின் கீழ் சிவப்பு. பக்கம் முழுக்க நீலமாக இருந்தால் அந்த விமர்சகர் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்தாலும் நான் மேற்கோள் காட்டுவதில்லை. சிவப்புக் கோடு நான்கே விழுந்திருந்தாலும் அந்த நான்கையும் எடுத்துவைப்பேன். நண்பரின் கட்டுரைக்கும் இதைச் செய்து காட்டினேன். நீலப் பென்சிலைச் சீவ வேண்டியதாயிற்று.

இன்னொன்று. கதையைத் திருப்பிச் சொல்லும்போது அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்கிறது. ‘எல்லாவற்றையும் தன்னந்தனியாக, அந்தக் குடிலுக்குள்ளேயே செய்தார்’ என்பது அப்படி வளர்ந்த வாசகம். பெரும்பகுதி அப்படித்தான் உருவானது. ஆனால் ‘ஃபார் எம்மா’ பாட்டில் கேட்கும் ட்ரம்பெட்டையும் ட்ரோம்போனையும் வாசித்தவர்கள் வேறு கலைஞர்கள். ஆல்பத்தின் உறையில் அவர்களுக்குரிய நன்றியும் பெயரும் இருக்கும்போது, ‘ஒற்றை மனிதனின் தனிமை’ என்று எழுதுவது அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிடுவதாகும்.

இழவு வீட்டுக் கதைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்கப் பாடகர் சஃப்யான் ஸ்டீவன்ஸ் 2015இல் வெளியிட்ட ‘கேரி அண்ட் லோவல்’ 2012இல் இறந்த அவருடைய தாயைப் பற்றியது. கேரி என்பது தாயின் பெயர், லோவல் என்பது மாற்றாந்தந்தையின் பெயர். அந்த ஆல்பத்துக்கு வந்த பாராட்டுகளில் எவ்வளவு இசைக்கு, எவ்வளவு துக்க விசாரிப்புக்கு என்று கேட்பது நாகரிகமில்லாத கேள்வியாகத் தோன்றலாம். கேட்கத்தான் வேண்டும். எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும், அதனாலேயே கேட்கிறேன்.

‘பச்சையான குரல்’

ஆங்கில விமர்சனங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை நம்மவர்கள் ‘பச்சையான’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். தமிழில் பச்சையாகப் பேசுவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ‘மெருகேற்றாத’ என்று எழுதினாலும் இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். கருவிகள் எளியவை. ஷ்யூர் எஸ்எம்57 என்ற சாதாரண மைக், ஒரு பழைய கணினி, சில கிதார்கள். ஆனால் அந்த எளிய கருவிகளை வைத்துச் செய்த வேலை எளிதானதன்று.

‘லம்ப் சம்’ பாட்டின் தொடக்கத்தைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். தேவாலயத்தில் பாடகர் குழு எழுந்து நின்றதுபோல் இருக்கும். அத்தனையும் ஒரே மனிதரின் குரல். ஒரு தடவை பாடிப் பதிந்து, அதன் மேல் இன்னொரு தடவை, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கியது. ஒவ்வொரு அடுக்கும் மற்றதோடு மயிரிழை விலகி நிற்பதால்தான் அந்தக் கூட்டம் உண்டாகிறது. ‘த வுல்வ்ஸ்’ பாட்டில் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-ட்யூன் மென்பொருளையே வெளிப்படையாகக் கையாண்டிருக்கிறார். ‘எந்தச் செயற்கைப் பூச்சும் இல்லாத இயற்கையான இசை’ என்று எழுதுகிறவர் இந்தப் பாட்டை எப்படிக் கடந்து போனார் என்பது எனக்குப் புரிவதேயில்லை. பிறகு, 2010இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் வெர்னனை அழைத்துத் தன் ஆல்பத்தில் பாடவைத்ததும், வெர்னன் ஆட்டோ-ட்யூனோடு குரலை மட்டும் அடுக்கிச் செய்த ‘வுட்ஸ்’ பாட்டை எடுத்துக் கையாண்டதும், முதல் ஆல்பத்தைக் கவனமாகக் கேட்டவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது. நாட்டுப்புறத் துறவி நகரத்துக்கு விலைபோனதாக நினைத்தவர்கள் துறவியைக் கற்பனை செய்துகொண்டவர்கள்.

குரலைப் பற்றி நம் பக்கத்துப் பிழை ஒன்றும் உண்டு. வெர்னன் ஆல்பம் முழுக்கப் பெரும்பாலும் உச்சத்தில், மெலிந்த குரலில் பாடுகிறார். கர்நாடக இசைக் கச்சேரிகளில் வளர்ந்த காதுக்கு அது கள்ளக்குரல். கள்ளக்குரல் என்ற சொல்லிலேயே குற்றச்சாட்டு அடங்கியிருக்கிறது. ‘வாயைத் திறந்து பாடத் தெரியாதவரை ஏன் இப்படிக் கொண்டாடினார்கள்’ என்று ஒரு மூத்த ரசிகர் என்னிடம் கேட்டிருக்கிறார். வெர்னன் பாடும் மரபில் அந்தக் குரலுக்கு வேறு வேலை. கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களிலும் சோல் இசையிலும் அது உருக்கத்தின் உச்சம். அங்கே விமர்சகர்கள் எதைக் கேட்டுத் தலையசைத்தார்கள் என்று எழுத வேண்டுமானால், நம் அளவுகோலை அரைமணி நேரம் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதலாம்.

வரிக்கு வரி பொழிப்புரை எழுதுவது

நண்பரின் கட்டுரையில் ஒரு பக்கம் முழுக்கப் பாடல் வரிகளுக்கு விளக்கம். சில வரிகளுக்குத் தெளிவான பொருள் கிடைக்காததால், ‘கவிஞரின் சிதறிய மனநிலை’ என்று முடித்திருந்தார்.

வெர்னன் வரிகளை எழுதிய முறை தெரிந்தால் இந்தச் சங்கடம் வராது. முதலில் சொல்லே இல்லாமல் மெட்டை மட்டும் ஏதோ ஒலிகளில் பாடிப் பதிவு செய்தார். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஒலி எந்தச் சொல்லைப்போல் கேட்கிறதோ அதை எழுதிக்கொண்டார். நமக்கு இது புதிதில்லை. இசையமைப்பாளர் ‘தானன தானன’ என்று தத்தகாரம் சொல்ல, பாடலாசிரியர் அதற்குள் சொல்லை உட்காரவைக்கிற வேலையைத் தமிழ்த் திரையுலகம் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறது. இங்கே இருவரும் ஒருவரே, அவ்வளவுதான். ஓசைக்கு வந்து அமர்ந்த சொல்லைப் பிடித்து உலுக்கிப் பொருள் கேட்டால் அது என்ன செய்யும்?

விமர்சகர்கள் சிலர் அவருடைய வரிகள் மங்கலானவை என்று எழுதினார்கள் என்றால், அது குறையா, பாட்டின் இயல்பைச் சரியாகக் கவனித்ததா என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

எம்மா யார்?

இந்தக் கேள்விக்குத்தான் இணையத்தில் அதிகமாக மை செலவாகியிருக்கிறது. எம்மா என்பவள் ஒரு பெண் என்பதைவிட, மனம் மாட்டிக்கொண்டு மீள முடியாமல் நிற்கும் ஓர் இடம் என்று வெர்னனே விளக்கியிருக்கிறார். அதற்குப் பிறகும் அவருடைய பழைய காதலி யார் என்று துப்பறிவதை ஆல்ப விமர்சனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தன்னிலையில் பாடுகிறவர் தன் கதையைத்தான் பாடுகிறார் என்ற எண்ணம் பாடகிகளிடம் இரண்டு மடங்காகப் பாய்கிறது. ஆண் பாடினால் ‘பாத்திரம்’, பெண் பாடினால் ‘வாக்குமூலம்’. இங்கிலாந்துப் பாடகி லாரா மார்லிங் 2020 ஏப்ரலில் ‘சாங் ஃபார் அவர் டாட்டர்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ‘நம் மகளுக்கு ஒரு பாட்டு’. அப்போது அவருக்கு மகளே கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ தனக்கு இல்லாத மகளுக்குக் கடிதங்களாக ஒரு நூல் எழுதினார். அதை ஒட்டி மார்லிங் கற்பனை மகளிடம் பேசுகிறார். உண்மையாகவே மகள் பிறந்தபின் செய்த ஆல்பம் 2024இல் வந்த ‘பேட்டர்ன்ஸ் இன் ரிபீட்’. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கற்பனை மகளுக்குச் சொன்ன அறிவுரைகளும், தொட்டிலில் கிடக்கும் மகளின் பக்கத்தில் தாழ்ந்த குரலில் பாடுவதும் எவ்வளவு வேறு வேறு என்று தெரியும். முதலாவதைத் ‘தாய்மையின் வெளிப்பாடு’ என்று எழுதுவது, கேட்காமலே எழுதியதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மார்லிங் முதல் ஆல்பம் வெளியிட்டபோது வயது 18. அன்று தொடங்கி கனடியப் பாடகி ஜோனி மிட்செலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கிதாரோடு வரும் ஒவ்வொரு பெண்ணும் ‘அடுத்த ஜோனி’. இந்த ஒப்பீட்டை விமர்சனக் கருத்தாக எடுத்துக்கொள்ளலாம், ஒப்பிட்டவர் கிதாரின் சுருதியமைப்பையோ மெட்டின் போக்கையோ காட்டி விளக்கியிருந்தால். இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போங்கள்.

88 என்றால் என்ன?

பல பத்திரிகைகளின் விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ‘ஃபார் எம்மா’வின் மதிப்பெண் 88. நண்பர் அதை ‘விமர்சகர்கள் 88 சதவீதம் மதிப்பெண் அளித்தனர்’ என்று எழுதியிருந்தார். தேர்வு முடிவுகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு நூற்றுக்கு இத்தனை என்றதும் வேறெதுவும் தோன்றுவதில்லை.

அந்த எண் சமைக்கப்படும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு பத்திரிகை ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறது. அது 80 ஆகிறது. அமெரிக்க இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் 10க்கு 8.1 தந்தது. அது 81. இன்னொருவர் எழுத்தில் தரம் போடுகிறவர், ‘பி பிளஸ்’ என்கிறார். அதை 83 என்று மாற்றிக்கொள்கிறார்கள். அவர் மனதில் 83 என்ற எண் ஒருபோதும் இருந்ததில்லை. எண்ணே போடாமல் எழுதும் பத்திரிகைகளும் உண்டு. அவற்றைத் தளத்தின் ஊழியர்கள் படித்துப் பார்த்துத் தாங்களே ஓர் எண் போடுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி. அதுவும் நேர்ச் சராசரி அன்று, எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதில்லை.

இதற்கு மேல் ஒரு லேபிள். ஆல்பத்துக்கு 81 அல்லது அதற்கு மேல் வந்துவிட்டால் ‘ஏகமனதான பாராட்டு’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர் தானாக ஒட்டிக்கொள்ளும். இதை மொழிபெயர்த்து ‘உலக விமர்சகர்களின் ஒட்டுமொத்தப் பாராட்டைப் பெற்றது’ என்று எழுதுகிறவர்கள், ஓர் எண் எல்லைக்கோட்டைத் தாண்டியதை மனிதர்களின் கருத்தாக எழுதிவிடுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மேலும் அந்தப் பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலப் பத்திரிகைகள். ‘உலகம்’ என்பது அவ்வளவு சிறியதில்லை.

எண்ணைச் சொல்லவே கூடாது என்பதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அரை வரி சேர்த்துவிட்டு, உடனே ஒரு விமர்சகர் உண்மையில் எழுதிய கருத்துக்குப் போய்விடுங்கள்.

தேதியைக் குழப்புவது

இந்த ஆல்பம் இரண்டு முறை பிறந்தது. 2007 ஜூலையில் வெர்னன் தன் கைக்காசில் சுமார் 500 குறுந்தகடுகள் போட்டார். பிட்ச்ஃபோர்க்கின் விமர்சனம் அந்த ஆண்டு அக்டோபரிலேயே வந்துவிட்டது. இந்தியானா மாநிலத்து ஜாக்ஜாகுவர் நிறுவனம் 2008 பிப்ரவரியில் முறையாக வெளியிட்டது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 4ஏடி நிறுவனம் மே மாதம் வெளியிட்டது. அதனால் ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் சிலர் 2007இலும் பலர் 2008இலும் சேர்த்தார்கள். இதை அறியாதவர் ‘2007இல் புறக்கணிக்கப்பட்டு, பின்னர் கண்டெடுக்கப்பட்ட ஆல்பம்’ என்று ஒரு நாடகத்தைக் கட்டிவிடுவார். ஒரு பெட்டி குறுந்தகடு கையில் வைத்திருந்தவருக்கு ஏழே மாதத்தில் நிறுவனமும் விமர்சனமும் கிடைத்ததைப் புறக்கணிப்பு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கிராமியும் இதே வகைக் குழப்பம். 2012இல் பான் ஈவேருக்குச் சிறந்த புதிய கலைஞர் விருதும், சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான விருதும் கிடைத்தன. ஆல்ப விருது 2011இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு. முதல் ஆல்பம் வந்து ஐந்தாம் ஆண்டில் ‘புதிய கலைஞர்’. ‘கிராமி வென்ற ஃபார் எம்மா’ என்று எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

புறக்கணிப்புக் கதைக்கு மூதாதை நிக் டிரேக். அவர் இண்டி என்ற சொல்லுக்கு முந்தியவர்; ரங்கூனில் பிறந்த ஆங்கிலேயர். 1969க்கும் 1972க்கும் இடையில் மூன்று ஆல்பங்கள், 1974இல் 26 வயதில் மரணம். மூன்றும் வந்த காலத்தில் சில ஆயிரம் பிரதிகளே விற்றன. இதிலிருந்து ‘விமர்சகர்கள் அவரை நிராகரித்தார்கள்’ என்று தாவிவிடுகிறார்கள். விற்காததும் நிராகரித்ததும் ஒன்றில்லை. வந்த விமர்சனங்கள் குறைவு, ஆனால் அவற்றில் மரியாதையாக எழுதியவையும் உண்டு. அவர் மேடையேறத் தயங்கியதும் பேட்டி கொடுப்பதைத் தவிர்த்ததும் விற்பனைக்குக் குறுக்கே நின்றன. 1999இல் ஒரு ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ பாட்டு ஒலித்தது; அதன் பிறகு அமெரிக்காவில் அந்த ஆல்பம் பல மடங்கு விற்றது. 28 நிமிடமே ஓடும் அந்த ஆல்பத்தை இன்று பட்டியல்களில் பார்ப்பவர், 1972இல் அதைக் கேட்டவரின் காதைக் கடன் வாங்கிப் பார்க்க வேண்டும். அன்றைய விமர்சகருக்கு டிரேக் செத்துப்போகப் போகிறார் என்று தெரியாது. நமக்குத் தெரியும் என்பதாலேயே அந்தப் பாட்டுகள் நமக்கு அவ்வளவு கனமாக ஒலிக்கின்றன.

சொல் பெயர்ப்பில் சறுக்குவது

‘இண்டி’ என்பது இந்தியாவைக் குறிப்பதன்று. பெரிய நிறுவனங்களைச் சாராத தன்னிச்சைத் தயாரிப்பு என்பதே மூலப்பொருள்; நாளடைவில் அது ஓர் ஒலிப்பாங்கின் பெயராகவும் ஆகிவிட்டது. ‘ஃபோக்’ என்றதும் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போடுவதும் ஆபத்து. நாற்றுநடவுப் பாட்டும் ஒப்பாரியும் ஆக்கியவர் பெயர் இல்லாதவை, ஊர்ச்சொத்து. இங்கே ஒருவர் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி, உறையில் பெயரும் போட்டுக்கொள்கிறார். இண்டி ஃபோக் என்றே விட்டுவிடுவது நல்லது. மனதை விட்டு அகலாத பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் ‘பேய்த்தனமான’ என்று ஒருவர் பெயர்த்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆல்பத்தின் 37 நிமிடங்களையும் மூன்று இரவு திரும்பக் கேட்டதாகச் சொன்னார். திருத்திய பிரதியில் கட்டுரை ‘ரீ: ஸ்டேக்ஸ்’ என்ற கடைசிப் பாட்டிலிருந்து தொடங்கியது, ஒற்றைக் கிதாரும் குரலும் மட்டும் மிஞ்சும் அந்த இடத்தை ஒரு பத்தியில் அழகாகப் பிடித்திருந்தார். குடில் ஏழாம் பத்திக்குப் போய், இரண்டு வாக்கியத்தில் அடங்கியது. அடுப்பு போயே போய்விட்டது.

இதழ் கைக்கு வந்தபோது பிரித்துப் பார்த்தேன். ஆசிரியர் குழுவில் யாரோ ஏழாம் பத்தியைத் தூக்கி முதலில் வைத்திருந்தார்கள். மேலே பக்க அகலத்துக்கு ஒரு படம்: பனி மூடிய காடு, நடுவில் புகை கசியும் ஒரு மரவீடு.